பிலிருபின் உயிரணுவுக்குள் நுழைந்தால்: மைட்டோகாண்ட்ரியாவுக்கு நேரும் கேடு

மஞ்சள்காமாலை என்றதும் கண்ணின் வெண்படலத்திலும் தோலிலும் ஏறும் மஞ்சள் நிறம்தான் நம் நினைவுக்கு வருகிறது. அந்த நிறத்துக்குக் காரணமான பிலிருபின் தோலில் படிவதால் தோலுக்குப் பெரிய கேடு எதுவும் வருவதில்லை. இரத்தத்தில் அளவு குறைந்ததும் நிறமும் வெளுத்துவிடுகிறது. அதே பிலிருபின் பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் மூளைக்குள் அளவுக்கு மீறி நுழைந்துவிட்டால், அங்குள்ள நரம்பணுக்களை மீட்க முடியாதபடி சிதைத்துவிடும். ஒரே பொருள் ஓரிடத்தில் வெறும் நிறமாகவும் இன்னோரிடத்தில் நஞ்சாகவும் இருப்பது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, அந்த மூலக்கூறின் வடிவத்திலிருந்து தொடங்கி, உயிரணுவின் சவ்வு வழியாக, அதற்கு ஆற்றல் ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியா வரை சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் உடலில் ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. பச்சிளங்குழந்தையின் சிவப்பணுவுக்கு ஆயுள் இன்னும் குறைவு; 60 முதல் 90 நாட்கள் வரைதான். ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் உடைக்கும்போது, ஹீமோகுளோபினில் இருக்கும் ஹீம் என்னும் வளையம் திறக்கப்படுகிறது. அதிலிருந்து இரும்பும் சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் பிலிவெர்டின் என்ற பச்சை நிறமியும் வெளிவருகின்றன. பிலிவெர்டினை இன்னொரு நொதி பிலிருபினாக மாற்றுகிறது. அடிபட்ட இடத்தில் தோல் முதலில் கருநீலமாகக் கன்றி, சில நாட்களில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி மறைவதைப் பார்த்திருப்பீர்கள்; தோலுக்கடியில் கசிந்த இரத்தம் இந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் கடப்பதைத்தான் அந்த நிறமாற்றம் காட்டுகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 மில்லிகிராம் வரை பிலிருபின் இப்படி உருவாகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தையின் உடல் அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உருவாக்குகிறது.

பிலிவெர்டின் நீரில் கரையக்கூடியது. அதை அப்படியே வெளியேற்றிவிடலாம். பறவைகளும் ஊர்வனவும் பெருமளவு அப்படித்தான் செய்கின்றன. நாமோ ஆற்றலைச் செலவிட்டு, எளிதில் கரையும் பொருளைக் கரையாத பொருளாக மாற்றிக்கொள்கிறோம். கருவில் இருக்கும் குழந்தையின் கழிவு நச்சுக்கொடியைக் கடந்து தாயின் இரத்தத்துக்குச் செல்ல வேண்டும் என்பதும், கொழுப்பில் கரையும் பிலிருபினால் அது இயலும் என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. தொப்புள்கொடி அறுபட்டவுடன் அந்த வழி அடைபடுகிறது. அதே வேளையில், கொழுப்பில் கரையும் அந்தக் குணம் மட்டும் மாறாமல் இருக்கிறது. குழந்தைக்கு வரும் ஆபத்து முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி வடிவத்துக்கு வருவோம். பிலிருபின் மூலக்கூறில் இரண்டு பாதிகள் உண்டு. நடுவில் ஒரேயொரு கார்பன் அணு அவற்றை இணைக்கிறது. பாதி திறந்து வைத்த புத்தகத்தைப் போல அது அந்த நடுப்புள்ளியில் மடிந்திருக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் நீரோடு இணங்கக்கூடிய ஓர் அமிலக் கை இருக்கிறது. அந்தக் கைகள் வெளியே நீண்டிருந்தால் பிலிருபின் நீரில் நன்றாகக் கரைந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு கையும் எதிர்ப்பாதியில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் பகுதிகளைப் பற்றிக்கொண்டு மொத்தம் ஆறு ஹைட்ரஜன் பிணைப்புகளை உருவாக்கிவிடுகிறது. இதனால் நீரை விரும்பும் பகுதிகளெல்லாம் உள்ளே பூட்டப்பட்டு, எண்ணெயோடு இணங்கும் முகம் மட்டும் வெளியே தெரிகிறது. நீர் நிறைந்த இரத்தத்தில் அதற்கு இருப்பு கொள்ளாது. கொழுப்பாலான எந்தப் பரப்பு கிடைத்தாலும் அதில் ஒட்டிக்கொள்ளவே முனையும். நம் உடலில் அத்தகைய பரப்பு எங்கும் இருக்கிறது. ஒவ்வோர் உயிரணுவின் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான்.

இந்தத் தொல்லையைத் தடுக்க உடல் இரண்டு ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கிறது. முதலாவது, இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம். அது பிலிருபினை இறுகப் பற்றிக் கல்லீரல் வரை சுமந்து செல்கிறது. இயல்பான நிலையில், இரத்தத்தில் உள்ள பிலிருபினில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எதிலும் பிணைக்கப்படாமல் தனித்துத் திரிகிறது. இரண்டாவது, கல்லீரல். அங்குள்ள ஒரு நொதி பிலிருபினோடு குளுகுரோனிக் அமிலத்தை இணைக்கும்போது, உள்ளே பூட்டிக் கிடந்த அமிலக் கைகள் விடுபட்டு, பிலிருபின் நீரில் கரையக்கூடியதாகி, பித்தநீரோடு குடலுக்குச் செல்கிறது. இப்படி இணைக்கப்பட்ட பிலிருபின் சவ்வுகளுக்குள் எளிதில் புக முடியாது. பித்தநாளம் அடைபட்ட பெரியவர்களுக்கு உடல் முழுவதும் கடுமையாக மஞ்சள் பாய்ந்தும் மூளை பெரும்பாலும் இந்தக் கேட்டுக்குத் தப்பிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிறந்த குழந்தையிடமோ இந்தக் கல்லீரல் நொதியின் செயல்திறன் பெரியவர்களின் அளவில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கிறது. உற்பத்தி இரு மடங்கு, வெளியேற்றம் மிகக் குறைவு என்ற நிலையில், முதல் சில நாட்களுக்கு அல்புமின் ஒன்றைத்தான் குழந்தை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, இரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சாகும் மொத்த பிலிருபின் அளவைவிட, அல்புமினின் பிடியில் இல்லாத அந்த மிகச் சிறு பங்குதான் உயிரணுவுக்கு ஆபத்தானது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த உண்மை மருத்துவ உலகுக்கு மிகுந்த விலை கொடுத்தே தெரியவந்தது. 1956இல் வெளியான ஓர் ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுக்கும் நோக்கத்தில் பென்சிலினோடு சல்ஃபிசாக்சசோல் என்ற மருந்தும் கொடுக்கப்பட்டது. வேறொரு நுண்ணுயிர்க்கொல்லி பெற்ற குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகளே அதிகமாக இறந்தனர். இறந்தவர்களில் பலருடைய மூளையில் பிலிருபினின் மஞ்சள் கறை காணப்பட்டது. அல்புமினில் பிலிருபின் அமர வேண்டிய இடத்தை மருந்து பிடித்துக்கொண்டதும், இடமிழந்த பிலிருபின் மூளைக்குள் சென்றதும் பிற்பாடே விளங்கின. நன்மை செய்யும் என்று நம்பிக் கொடுத்த மருந்தால் நேர்ந்த இழப்பு அது. புதிதாகப் பிறந்த குழந்தைக்கு எந்த மருந்தைக் கொடுப்பதற்கு முன்னும் அல்புமினை நினைத்துப் பார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகே வேரூன்றியது.

தனித்துத் திரியும் பிலிருபின் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தானாகவே ஊடுருவிச் செல்லும். அந்தத் தடுப்பிலுள்ள உயிரணுக்களிலும் நரம்பணுக்களிலும், உள்ளே வந்ததைத் திரும்ப வெளியே தள்ளும் புரதப் பம்புகள் இருக்கின்றன. வரவு குறைவாக இருக்கும்வரை அவை சமாளித்துக்கொள்கின்றன. தொற்று, மூச்சுத்திணறல், இரத்தம் அமிலத்தன்மை அடைதல் ஆகியவை சேர்ந்துகொண்டால் நிலைமை மாறிவிடும். அமிலச் சூழலில் பிலிருபினின் மின்னூட்டம் நீங்கி, அது நீரில் இன்னும் கரையாததாகிச் சவ்வுகளில் படியத் தொடங்குகிறது. நோயுற்ற குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் பிலிருபின் குறைந்த அளவில் இருக்கும்போதே மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவது இதனால்தான்.

உயிரணுவின் சவ்வு, இரண்டு அடுக்காக அணிவகுத்த பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. பிலிருபின் அந்த அணிவகுப்புக்கு இடையே செருகிக்கொள்ளும்போது அதன் ஒழுங்கு கலைகிறது. சவ்வின் நெகிழ்ச்சி மாறுகிறது. சவ்வில் பொதிந்திருக்கும் புரதங்கள் தங்களைச் சுற்றியுள்ள கொழுப்பின் ஒழுங்கை நம்பியே வேலை செய்பவை என்பதால், அவற்றின் செயலும் தடுமாறுகிறது. வெளிச்சவ்வில் இது நடப்பதே கேடுதான். ஆனால் உயிரணுவுக்குள் சவ்வையே முதலீடாக வைத்து இயங்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. அங்கே இந்தக் கலைப்பு பல மடங்கு பெரிய விளைவை உண்டாக்குகிறது. அதுதான் மைட்டோகாண்ட்ரியா.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உட்சவ்வு மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கிறது. உணவிலிருந்து எடுக்கப்படும் எலக்ட்ரான்கள் உட்சவ்வில் பதிந்துள்ள நான்கு புரதத் தொகுதிகளின் வழியாகக் கைமாறிக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சென்றடைகின்றன. அந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் உட்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. இதனால் சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே 150 முதல் 180 மில்லிவோல்ட் வரை மின்னழுத்த வேறுபாடு உருவாகிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு படலம் அதைத் தாங்கி நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் படலம் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது புரியும். வெளியே குவிந்த புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதியின் வழியாக மட்டுமே உள்ளே திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும் விசையில்தான் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி உருவாகிறது. அணையில் தேக்கிய நீர் மதகு வழியாகப் பாய்ந்து சுழலியைச் சுற்றுவது போன்ற ஏற்பாடு இது. அணைச் சுவரில் கசிவு இருந்தால், ஆறு எவ்வளவு நீரைக் கொண்டுவந்து சேர்த்தாலும் சுழலி சுற்றாது.

பிலிருபின் செய்வது அந்தக் கசிவைத்தான். இதை 1956இலேயே சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் எர்ன்ஸ்டரும் ரோல்ஃப் செட்டர்ஸ்ட்ரோமும் காட்டினர். உயிரணுவிலிருந்து தனியே பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவோடு பிலிருபினைச் சேர்த்தபோது, எலக்ட்ரான் கைமாற்றத்துக்கும் ஏடிபி உற்பத்திக்கும் இடையே இருக்க வேண்டிய பிணைப்பு அறுந்துபோவதை அவர்கள் கண்டனர். இதன் பொருளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். உயிரணு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, உணவையும் எரிக்கிறது, ஆனால் அந்த உழைப்பு வெறும் வெப்பமாக வீணாகிறது, ஏடிபி கிடைப்பதில்லை. மூச்சும் இரத்த ஓட்டமும் சரியாக இருக்கும்போதே நரம்பணு பட்டினி கிடக்கிறது.

கசிவோடு இது முடிவதில்லை. பிற்கால ஆய்வுகள், எலக்ட்ரான் பாதையின் கடைசித் தொகுதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் செயலையும் பிலிருபின் குறைக்கிறது என்று காட்டின. கடைசி வாசல் அடைபட்டால் எலக்ட்ரான்கள் பின்னால் தேங்கி நிற்கும். தேங்கியவை வழிதவறி, அருகிலுள்ள ஆக்சிஜனோடு நேரடியாகச் சேர்ந்து சூப்பராக்சைடு போன்ற கொந்தளிப்பான மூலக்கூறுகளை உருவாக்கும். இவற்றை அடக்குவதற்கென்று உயிரணு வைத்திருக்கும் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் விரைவில் தீர்ந்துபோகிறது. காப்பு குறைந்ததும் அந்த மூலக்கூறுகள் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வையே ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கின்றன. சிதைந்த சவ்வு மேலும் கசிகிறது. கசிவு மேலும் ஆற்றல் இழப்பைக் கொண்டுவருகிறது. தொடக்கத்தில் பிலிருபின் செய்த சிறு கலைப்பு, இப்போது தன் காலிலேயே நின்று வளரும் நச்சுச் சுழலாகிவிடுகிறது.

இந்தச் சுழலில் ஒரு கட்டத்தில் சைட்டோகுரோம் சி என்ற சிறிய புரதம் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியேறுகிறது. இயல்பான நாட்களில் அது உட்சவ்வின் வெளிப்புறத்தில் ஒட்டியபடி, மூன்றாம் தொகுதியிலிருந்து நான்காம் தொகுதிக்கு எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் ஊழியன். பிலிருபினுக்கு உள்ளான நரம்பணுக்களில், பாக்ஸ் என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுக்கு இடம்பெயர்வதும், அந்தச் சவ்வு ஊடுருவத்தக்கதாக மாறுவதும், சைட்டோகுரோம் சி உயிரணுவின் நீர்மத்துக்குள் கொட்டுவதும் ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளன. தன் இடத்தைவிட்டு வெளியே வந்த இந்தப் புரதத்தை உயிரணு மரண அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. காஸ்பேஸ்-9 என்ற நொதி விழித்தெழுகிறது. அது காஸ்பேஸ்-3ஐ எழுப்புகிறது. அதன் பிறகு உயிரணு தன்னைத்தானே ஒழுங்காகத் துண்டாடிக்கொள்கிறது. இதைத் திட்டமிட்ட உயிரணு மரணம் என்கிறோம். தன்னை ஒழுங்காக அழித்துக்கொள்வதற்கும் ஏடிபி வேண்டும் என்பது இங்கே நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. பிலிருபின் மிக அதிகமாகித் திடீரென்று ஏடிபி தீர்ந்துபோனால், அந்த ஒழுங்குக்கும் வழியின்றி உயிரணு வீங்கி வெடித்துச் சாகிறது. உள்ளிருந்தவை சிதறி அக்கம்பக்கத்தில் அழற்சியை மூட்டுகின்றன. ஒரே திசுவில் இரண்டு வகை மரணமும் அருகருகே நடக்கலாம்.

உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா இருக்கும்போது, நரம்பணுக்கள் ஏன் முதலில் வீழ்கின்றன? நரம்பணு ஓய்வாக இருக்கும்போதும் சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் இடைவிடாமல் பம்ப் செய்தாக வேண்டும். ஏடிபியின் பெரும்பகுதி அதற்கே செலவாகிறது. ஏடிபி குறைந்தால் பம்ப் தளர்கிறது. சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. குளுட்டமேட் என்ற தூண்டுபொருள் அளவுக்கு மீறி வெளியே கொட்டுகிறது. அதைத் துடைத்தெடுக்க வேண்டிய ஆஸ்ட்ரோசைட்டு என்னும் துணையணுக்களின் திறனையும் பிலிருபின் குறைத்துவிடுகிறது. துடைக்கப்படாத குளுட்டமேட் அண்டை நரம்பணுக்களின் வாசல்களைத் திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. பெருகிய கால்சியத்தைத் தன்னுள் இழுத்து அடக்கப் பார்ப்பது, ஏற்கெனவே நைந்துபோன மைட்டோகாண்ட்ரியாதான். அந்தச் சுமையில் அது வீங்கித் தன் சவ்வை முற்றிலும் இழக்கிறது. மூளையின் காவலணுக்களான மைக்ரோகிளியாவும் இதற்குள் கிளர்ந்தெழுந்து, அழற்சிப் புரதங்களைச் சுரந்து நெருக்கடியைக் கூட்டுகின்றன. இன்னும் முழு வளர்ச்சி அடையாத இளம் நரம்பணுக்கள், முதிர்ந்தவற்றைவிட இதற்கு எளிதில் பலியாகின்றன.

மூளை முழுவதும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதும் இல்லை. இறந்த குழந்தைகளின் மூளையில் நரம்புக் கருக்கள் எனப்படும் நரம்பணுத் திரள்களில் குறிப்பிட்ட சில மட்டும் ஆழ்ந்த மஞ்சளாக இருப்பதை 1875இல் யோஹானஸ் ஆர்த் பதிவு செய்தார். பின்னர் கிறிஸ்டியன் ஷ்மோர்ல் அதற்குக் கெர்னிக்டெரஸ் என்று பெயரிட்டார். அடித்தள நரம்புத் திரளில் உள்ள குளோபஸ் பாலிடஸ், ஹிப்போகாம்பஸ், சிறுமூளை, மூளைத்தண்டில் கேட்டலுக்கும் கண்ணசைவுக்கும் உரிய கருக்கள் ஆகியவையே அதிகம் தாக்கப்படுகின்றன. தப்பிப் பிழைக்கும் குழந்தைகளிடம் கட்டுக்கடங்காத முறுக்கு அசைவுகள், செவித்திறன் குறை, மேல்நோக்கிப் பார்க்க இயலாமை ஆகியவை காணப்படுவது இந்த இடங்களின் காரணமாகத்தான். தொடக்கத்தில் குழந்தை சோர்ந்து கிடக்கும், பால் குடிக்க மறுக்கும், உடல் துவளும். பிறகு கீச்சென்ற அழுகையும், கழுத்தும் முதுகும் பின்னோக்கி வில்லாக வளைவதும் வரும். மஞ்சள் பாய்ந்த குழந்தையிடம் பால் குடிக்காத சோர்வைக் கண்டால் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவ்வளவு கேட்டையும் செய்யும் பிலிருபினுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மிகக் குறைந்த அளவில் அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்து உயிரணுவைக் காக்கும் பொருள் என்பதை 1987இல் ரோலண்ட் ஸ்டாக்கரும் உடன் உழைத்தவர்களும் காட்டினர். கொழுப்பில் தங்கும் அதே குணம், சவ்விலுள்ள கொழுப்பைக் கெடாமல் காக்கவும் உதவுகிறது. கல்லீரல் நொதி பிறவியிலேயே சற்றுக் குறைவாக உள்ள கில்பர்ட் நிலையில், பிலிருபின் வாழ்நாள் முழுவதும் இலேசாக உயர்ந்திருந்தும் உடலுக்குத் தீங்கு நேர்வதில்லை. அதே நொதி அறவே இல்லாத கிரிக்லர்-நஜ்ஜார் முதல் வகை நோயிலோ, சிகிச்சை இல்லாவிட்டால் மூளை சிதைந்துவிடும்.

சிகிச்சையும் அந்த மடிந்த வடிவத்தையே குறிவைக்கிறது. இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் 1950களின் நடுவில், வெயிலில் வைத்திருந்த ஒரு குழந்தையின் உடல் வெளுத்தும், துணியின் முனை மூடியிருந்த ஒரு முக்கோணப் பகுதி மட்டும் மஞ்சளாகவும் இருப்பதை ஒரு செவிலியர் கவனித்துச் சொன்னார். சாளரத்தருகே வெயில் படும்படி விடப்பட்ட இரத்த மாதிரியிலும் பிலிருபின் குறைந்திருந்தது. ரிச்சர்டு கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும் 1958இல் ஒளி சிகிச்சையை வெளியிட்டதற்கு இவையே தூண்டுதல். 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி தோலில் படும்போது, பிலிருபினின் ஒரு பாதி திரும்பிக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடுகின்றன. பூட்டிக் கிடந்த அமிலக் கைகள் வெளியே வருகின்றன. கல்லீரல் நொதியின் உதவி இல்லாமலேயே அது பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறிவிடுகிறது. அளவு மிகவும் உயர்ந்துவிட்டால், குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துக் கொடையாளரின் இரத்தத்தைச் செலுத்தும் இரத்தப் பரிமாற்றம் தேவைப்படுகிறது.

சிகிச்சை எவ்வளவு விரைவாக வேண்டும் என்பதைச் செவிப்பாதையின் சோதனை ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. உறங்கும் குழந்தையின் காதில் மெல்லிய ஒலிகளைச் செலுத்தி, தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியாக மூளைத்தண்டின் மறுமொழியை அலைகளாகப் பதிவு செய்வார்கள். பிலிருபின் ஏறும்போது அந்த அலைகள் தாமதமாகின்றன. பிறகு உயரம் குறைகின்றன. கடைசியில் மறைந்தே போகின்றன. தாமதம் மட்டுமே இருக்கும் கட்டத்தில் இரத்தப் பரிமாற்றம் செய்துவிட்டால், பல குழந்தைகளிடம் அலைகள் மீண்டும் பழைய நேரத்துக்கே திரும்புகின்றன.